மீன்தொட்டிக்கு வைத்த பொட்டு

அன்புள்ள தம்பி,

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடலாம், இதற்குப் போய் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். உன் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். நேரில் வந்தால் நீ டீ போடச் சொல்வாய், ஜெயா முறுக்குத் தட்டை முன்னால் வைப்பாள், நான் மழை, பஸ், தைக்கக் கொடுத்த துணியை வாங்க வராத ஆட்கள் என்று எதையாவது பேசிவிட்டு, சொல்ல வந்ததை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அளவெடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, பிறகுதான் துணியில் கத்தரி வைக்கிறேன். பேச்சில் மட்டும் அந்தப் பழக்கம் எனக்கு வரவே இல்லை. அதனால் மெஷினை மூடிவிட்டு, வெட்டு மேசையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். ஜெயாவும் இதைப் படிக்கட்டும். என் மருமகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் புக்கிட் மேரா வீட்டுக்கு வந்தபோது நீ கீழே ஐஸ் வாங்கப் போயிருந்தாய். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜெயா என்னைக் கூப்பிட்டு உன் புது மீன்தொட்டியின் கீழ் மூலையைக் காட்டினாள். முன்பக்கக் கண்ணாடியில், சட்டத்துக்கு ஒரு விரல் மேலே, புளியங்கொட்டை அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. “எனக்கு இடிச்ச ஞாபகமே இல்ல மாமா. வாளி பட்டிருக்கும்னு அவங்கதான் சொன்னாங்க. ஆனா ஒரு வார்த்தை திட்டல. ‘சின்ன வயசுல எங்கப்பா என்னை மன்னிச்ச மாதிரி நானும் உன்னை மன்னிச்சுட்டேன்’னு சொன்னாங்க” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண், சொந்த வீட்டுக்குள் அந்தத் தொட்டியைச் சுற்றி இரண்டடி தள்ளி நடக்கிறாள். தரையைத் துடைக்கும்போதுகூட அந்தப் பக்கம் போவதில்லை என்று உன் அம்மா கவனித்துச் சொன்னாள்.

முதலில் கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் காலம் கடத்தக் கூடாது. நான் அந்த மூலையில் விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். சில்லு மட்டும் என்றால் நகம் பள்ளத்தில் இறங்கி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இங்கே ஒரு இடத்தில் தடுக்கியது. தடுக்கிய இடத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு மேலே போகிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் உனக்கும் தெரியும். இதுவே மேல் விளிம்பாக இருந்தால், கத்தி தீட்டும் கல்லை நனைத்து நாலு தேய் தேய்த்துக் கூர்மையை மழுக்கிவிட்டு மறந்துவிடலாம், அங்கே தண்ணீரின் பாரம் கிடையாது. கீழ் மூலை அப்படி இல்லை, மொத்தத் தண்ணீரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆகையால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே மீன்களைப் பெரிய பேசினுக்கு மாற்று. தொட்டித் தண்ணீரையே பேசினில் ஊற்று, குழாய்த் தண்ணீர் வேண்டாம். தொட்டியைக் காலி செய்து காய வை. விரிசலை மூடும் ஒட்டுக் கண்ணாடியை உள்பக்கமாகப் போட வேண்டும். வெளியே போட்டால் தண்ணீர் அதைத் தள்ளும், உள்ளே போட்டால் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இதை எனக்குச் சொன்னவர் ஜாலான் புசார் கண்ணாடிக்கடைச் சீனர். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இனி நிஜமான விஷயம். ஜெயா அந்தக் கண்ணாடியை இடிக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்வதற்கு முன்னால், நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அப்பா மன்னித்த கதை, அதை நான் பிரித்துப் போட்டாக வேண்டும். பிரித்துத் தைப்பதுதான் எங்கள் தொழிலில் வெட்கமான வேலை. ஆனால் அளவு தப்பிய சட்டையை எத்தனை நாள் போட்டுக்கொண்டிருப்பாய்?

நோரிஸ் ரோட்டு வீட்டின் முன்னறை உனக்கு நினைவிருக்கும். பகலில் அது என் கடை, விளக்கு வைத்த பிறகு நம் வீடு. உனக்குப் பன்னிரண்டு வயது. லோங்காங் சாக்கடையில் இறங்கிக் கப்பி மீன் பிடித்துப் பால் டின்னில் கொண்டுவந்து வைப்பாய். டின்கள் வெட்டு மேசைக்கு அடியில் பெருகிப் பெருகி, ஒருநாள் ஒரு வாத்தியாரின் கால்சட்டைத் துணி அதில் நனைந்தது. நான் கத்திய கத்தலில் நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் எனக்கே மனசு கேட்காமல், பட்டறையில் சொல்லி ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, கண்ணாடி வெட்டி, இடுக்கெல்லாம் பட்டிக் களிம்பு வைத்து அடைத்து அந்தத் தொட்டியைக் கொண்டுவந்தேன். வாங்கிக் கொடுத்த கையோடு புலம்பலையும் ஆரம்பித்தேன். வீட்டில் மனுஷன் கால் நீட்ட இடமில்லை, மீனுக்கு மாளிகை கேட்கிறதா என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வேன். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தாலும் தோலை உரித்துவிடுவேன் என்றும் சொல்லி வைத்திருந்தேன். கறுப்பு ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்றை நீ வளர்த்தாய். பெண் மீன் முட்டையிடப் போகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாய்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம். உனக்கு மதியப் பள்ளி. அம்மா பொரி, கடலை வாங்கத் தேக்கா சந்தைக்குப் போயிருந்தாள். நான் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் பெரிய வெட்டுக் கத்தரியை எடுத்தேன். வைக்க இடமில்லாமல் தொட்டியின் மேல் மூடியில் வைத்துத் துடைத்தேன். எண்ணெய்க் கை. வழுக்கியது. கத்தரியின் மூக்கு முன்பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் பட்டு, ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. புளியங்கொட்டை அளவுக்குச் சில்லு. என் கையிலிருந்து கத்தரி விழுந்ததே கிடையாது என்று ஊருக்குள் பெருமை அடித்துக்கொண்டிருந்தவன் நான். அதுவும் பூஜைக்கு முந்தின நாள். அதுவும் தோலை உரித்துவிடுவேன் என்று உன்னை மிரட்டி வைத்த கண்ணாடியில். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை, மறைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் பூஜையில் மெஷினுக்கு, கத்தரிக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, இன்ச் டேப்புக்கு, என் சைக்கிளுக்கு எல்லாம் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். அப்படியே கை தொட்டிக்கும் போனது. சில்லு பெயர்ந்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்துப் பட்டி மாதிரி அப்பி, மேலே குங்குமத்தை வைத்தேன். கச்சிதமாக மறைந்துவிட்டது. பொட்டை யாரும் சுரண்டிப் பார்க்க மாட்டார்கள் அல்லவா? அப்போது நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். “என் மீனுக்கும் பொட்டாப்பா?” என்று கேட்டாய். உன் முகம் இருந்த இருப்பை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் இடத்தை அடைக்கிறது என்று புலம்பிய அப்பா, மெஷினோடும் கத்தரியோடும் சமமாக உன் தொட்டியையும் வைத்துவிட்டார் என்று நீ நினைத்தாய். ஆமாம் என்றேன். மாடி வீட்டு யாழ்ப்பாணத்து டீச்சரை நீ கையைப் பிடித்து இழுத்து வந்து அந்தப் பொட்டைக் காட்டினாய்.

மற்ற பொட்டெல்லாம் இரண்டு நாளில் காய்ந்து உதிர்ந்தன. தொட்டிப் பொட்டு மட்டும் உதிர முடியாதே. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குச் சந்தனம் அரைக்கும்போது தொட்டிக்கும் ஒரு அப்பு அப்பினேன். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. தீபாவளி நெருங்கிவிட்டது, தையல்காரனுக்கு அது மூச்சு விடும் காலமில்லை. தீபாவளி கழியட்டும், சத்தமில்லாமல் கண்ணாடியை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காலை முதல் மாலை வரை நான் மெஷினை மிதிக்க, அந்த அதிர்வு தொட்டி இருந்த பலகை வழியாகக் கண்ணாடிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் துணி கொடுக்கப் போய்ப் பொட்டை மறந்துவிட்டேன். மாலையில் வந்து பார்த்தால் புதுப் பொட்டு இருந்தது. நீ வைத்திருந்தாய். நீ ஒன்றும் கேட்கவில்லை, பழசின் மேலேயே அப்பியிருப்பாய் என்று எனக்கு நிம்மதி. அதன் பிறகு நீ பள்ளி விட்டு வந்ததும் முதலில் அந்தப் பொட்டைத்தான் பார்ப்பாய். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்குப் பக்தி வந்துவிட்டது என்று நீயும் நினைத்திருப்பாய்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, உனக்குப் பள்ளி இல்லாத ஒரு மத்தியானம், தொட்டி உடைந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. முன்கண்ணாடி மூலையிலிருந்து குறுக்காகப் பிளந்து, தண்ணீர் மொத்தமும் வெட்டிப் போட்டிருந்த ரவிக்கைத் துணிகளின் மேல் வந்தது. நீ தரையில் தவழ்ந்து தவழ்ந்து மீன்களைப் பொறுக்கி அம்மாவின் சோற்றுப் பானையில் போட்டாய். பெண் ஏஞ்சல் மட்டும் கண்ணாடித் துண்டின் கீழ் போய்விட்டது. அது செத்துவிட்டது. சத்தம் கேட்டு டீச்சர் இறங்கி வந்தார், துணி வாங்க வந்த இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். எல்லோர் முன்னாலும் நீ எழுந்து நின்று, “நான்தான்ப்பா உடைச்சேன். பழைய பொட்டைத் துடைக்கிறப்ப அழுத்தித் தேய்ச்சுட்டேன். பள்ளம் விழுந்துடுச்சு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நானே திரும்பப் பொட்டு வச்சேன்” என்றாய்.

தம்பி, அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாலு வார்த்தை போதும். ஈரத் துணியால் துடைத்துக் கண்ணாடி பெயருமா என்று எனக்குத் தெரியாதா? ஒரே காயத்தை நாம் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மாறி மாறி மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் பெரியவன் என்ற வெட்கத்தில் மூடினேன். நீ என்மேல் இருந்த பயத்தில் மூடினாய். வாசலில் ஆட்கள் நின்றார்கள், நீ அழுதுகொண்டிருந்தாய், நான் உன் தலையில் கை வைத்து, “போகட்டும் விடு. வேணும்னா செஞ்ச? அப்பா மன்னிச்சுட்டேன்” என்றேன். அடி விழும் என்று எதிர்பார்த்து நின்ற நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். “இப்பிடி ஒரு தகப்பன் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்க வேணும் ராசா” என்று டீச்சர் உன்னிடம் சொன்னார். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

செத்த மீனைச் சுற்ற ஒரு துண்டு கறுப்புச் சாட்டின் கேட்டாய். கொடுத்தேன். அதனிடம் நீ மன்னிப்புக் கேட்டது என் காதில் விழுந்தது. அன்றைக்கு மிதித்த தையல் ஒன்றும் நேராகப் போகவில்லை.

தீபாவளி முடிந்து, உடைந்த கண்ணாடியைச் சாக்கில் கட்டி உன்னையும் கூட்டிக்கொண்டு ஜாலான் புசார் போனேன். கண்ணாடிக்கடைச் சீனர் துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். மூலையில் சில்லு பெயர்ந்த இடத்தை விரலால் தொட்டார், மேலிருந்து கீழே எதுவோ விழுவது மாதிரி கையை இறக்கிக் காட்டினார். பிறகு இரண்டு விரலை விரித்து மூடி, என் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைப் பார்த்து, “குந்திங்?” என்றார். கத்தரிக்கோலுக்கு மலாயில் அதுதான் பெயர், உனக்கும் தெரியும். நீ அப்போது அங்கே இல்லை. அவர் துண்டுகளை அடுக்க ஆரம்பித்ததுமே என் உள்ளுக்குள் எதுவோ சொல்ல, உன்னைத் தெருவின் எதிர்ப்பக்கம் கச்சாங் பூத்தே கடலை வாங்க அனுப்பிவிட்டேன். அவரிடம் தலையை ஆட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இனிமேல் சில்லு பெயர்ந்தால் மூடி வைக்காதே, எந்நேரமும் கண்ணில் படுகிற மாதிரி விடு, கோடு வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரு என்று கடைத்தெரு மலாயில் சொன்னார். உள்பக்க ஒட்டுக் கதையும் அப்போது சொன்னதுதான். நீ காகிதச் சுருளோடு ஓடி வந்து, ஒன்றுகூட வாயில் போடாமல், முதல் பிடி கடலையை என் கையில் கொட்டினாய்.

அன்றே சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் பதினோரு வருஷத்தில் எத்தனையோ நாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீ அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வாய், நான் எழுந்து மெஷின் பக்கம் போய்விடுவேன். உன் கல்யாண விருந்தில் எழுந்து நின்று, எங்கப்பாவிடமிருந்து நான் கற்றது மன்னிப்பது ஒன்றுதான் என்று நீ சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். ஆனந்தக் கண்ணீர் என்று உன் மாமனார் நினைத்துக்கொண்டு தோளைத் தட்டினார்.

இப்போது உன் புதுத் தொட்டிக்கு வருகிறேன். வீடு குடிபோன அன்று லிஃப்ட் உன் மாடியில் நிற்காது என்று ஒரு மாடி மேலே இறங்கி, நாம் இருவரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினோம். நீ முன்னால், நான் பின்னால். திருப்பத்தில் கைப்பிடிக் கம்பியில் என் பக்கத்துக் கீழ் மூலை பட்டது. ‘டிக்’ என்றது. “என்ன சத்தம்ப்பா?” என்று கேட்டாய். “என் முட்டி” என்றேன். நீ பயந்துபோய், மெதுவா வாங்கப்பா, நான் பார்த்துக்கிறேன் லா என்று பாரத்தை முழுக்க உன் பக்கம் வாங்கிக்கொண்டாய். கல்யாணம் முடிந்த பிள்ளை, புது வீடு, நல்ல நாள், எதற்குச் சொல்லிக் கெடுப்பது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொட்டு வைக்கச் சந்தனம்தான் கையில் இல்லை. அந்தச் சில்லுக்குத்தான் நீ ஜெயாவை மன்னித்திருக்கிறாய்.

இதை எழுதப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “பொட்டுன்னா நடுவுலதானே வைப்பாங்க. மூலையில வச்சப்பவே நினைச்சேன்” என்றாள். பதினோரு வருஷம் ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன், இவ்வளவு நாளாகும் என்று நினைக்கவில்லை என்றாள்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் இதில் நான் நன்றாகத் தோற்றிருக்கிறேன். யார் செய்தது என்று தெரியாமல் யாரையும் மன்னிக்காதே. மன்னிப்பு என்பது கேட்க எவ்வளவு பெரிய மனசாக இருக்கிறது! ஆனால் செய்யாதவளுக்கு அதைக் கொடுத்தால், வாங்கிக்கொண்டவள் அந்தக் குற்றத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீ பன்னிரண்டு வயதில் அப்படித்தான் வாங்கிக்கொண்டாய். எனக்கு இடித்த ஞாபகமே இல்லை என்று ஜெயா சொன்னால், அவளை நம்பு. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதல் வேலையாக அவளிடம் போய் நீ மன்னிப்புக் கேள். நானும் வந்து கேட்கிறேன். மாமனார் மருமகளிடம் கேட்கலாமா என்று எவன் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். ஒட்டுக் கண்ணாடி வெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், பட்டியும் கொண்டு வருகிறேன். ஒட்டி, காயவிட்டு, தண்ணீரை முதல் வாரம் பாதிக்கு மேல் ஊற்றாமல் பார்ப்போம். தொட்டிக்கு அடியில் விரிக்கக் கம்பளித் துண்டு நாலு மடிப்பாகத் தைத்திருக்கிறேன். மூலையை மட்டும் வெறுமையாகவே விட்டுவிடு, ஒட்டுப் போட்டது எல்லோருக்கும் தெரியட்டும்.

ஒன்றே ஒன்று, தம்பி. உன்னை எனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, போகட்டும் விடுங்கப்பா என்று சொல்லிவிடுவாய். அதைச் சொல்லாதே. செத்துப்போன அந்த மீனை நினைத்துக்கொள், அதனிடம் நீ கேட்ட மன்னிப்பை நினைத்துக்கொள். கொஞ்ச நேரம் என்மேல் கோபமாக இரு. நான் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டி பிசைந்துகொண்டே நீ சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

உன்
அப்பா